பழமும் கச்சானும் பகை கொள்ளாதிருக்க

சித்திரை பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்துச் செம்மண் தரை பகல் முழுவதும் அடுப்புக் கல்லைப் போலக் காய்கின்றது. சூரியன் இலங்கையின் உச்சிக்கு நேரே நிற்கும் நாட்கள் ஏப்பிரில் மாதத்தின் முற்பாதியிலேயே வந்துவிடுகின்றன. மாரி மழை எப்போதோ ஓய்ந்து போயிற்று. அடுத்த மாரிக்கு ஐப்பசி வரையிற் காத்திருத்தல் வேண்டும். இத்தகைய நாட்களில் நண்பகல் வேளையிற் சோற்றைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகள் இல்லாத வீடு ஏது? ஆயினும் எந்த வெயில் நம்மை வாட்டுகின்றதோ அந்த வெயிலே மாவையும் பலாவையும் பழுக்க வைக்கின்றது. நோயைத் தந்த கையே மருந்தையும் தருவது போல, கோடையின் கொடுமைக்குக் கோடையின் கனிகளே மாற்றாக அமைகின்றன.

வடமராட்சியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கின்றாள். சென்ற ஆண்டு ஆனி மாதத்திலே கொழும்பிலிருந்து உறவினர் வந்தபோது, பழமும் பருப்பும் கலந்த சலாது ஒன்றைச் செய்து அவர்களை உபசரிக்க அவள் விரும்பினாளாம். காலை எட்டு மணிக்கே மாம்பழம், வாழைப்பழம், பப்பாசி, அன்னாசி ஆகியவற்றை வெட்டி, சீனியும் தேனும் சேர்த்து, தயிரை ஊற்றி, பொரித்த கஜுவையும் வறுத்த கச்சானையும் மேலே தூவி மூடி வைத்தாள். பந்தி முடிந்து ஒரு மணிக்குப் பாத்திரத்தைத் திறந்தபோது அதனுள்ளே குளம் போல நீர் நின்றது. வாழைப்பழம் கறுத்திருந்தது. கஜு ஊறிப்போன பயற்றைப் போல மெத்தென்றிருந்தது. எல்லாவற்றிலும் மேலாகத் தயிர் கசந்தது. விருந்தினர் மரியாதைக்கு ஒரு கரண்டி உண்டு கிண்ணத்தை ஒதுக்கி வைத்தனர். கஜு விற்கும் விலையில் அம்மா அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி வருந்தினாராம்.

இம்மட்டோடு கடிதம் நின்றிருந்தால் நாமும் நான்கு வரியில் மறுமொழி எழுதி முடித்திருப்போம். ஆனால் அவளுடைய இரண்டாவது கேள்வியே எம்மைச் சிந்திக்க வைத்தது. அவளுடைய ஐயாவுக்கு நீரிழிவு. சலாதைக் கண்டதும் அவர் பேசாமல் எழுந்து விறாந்தைக்குப் போய்விட்டார். அம்மம்மாவுக்குப் பற்கள் சிலவே எஞ்சியுள்ளன. “வெள்ளைக்காரச் சாப்பாடு எனக்கு வேண்டாம் பிள்ளை” என்று கையை அசைத்துவிட்டார். அக்காவின் மகனுக்கு வயது நான்கு. நல்லூர்த் திருவிழாவிலே கச்சான் உண்டபோது உதடும் கண்ணிமையும் வீங்கி, மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற பிள்ளை அவன். இவ்வாண்டு வைகாசி விசாகத்துக்கு எல்லோரும் மீண்டும் கூடுகின்றனர். “அம்மையீர், ஒருவரும் எழுந்து போகாமல் வீட்டார் அனைவரும் ஒன்றாக இருந்து உண்ணக்கூடிய சலாது ஒன்று உண்டா?” என்று அவள் கேட்கின்றாள்.

உண்டு. முதற் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் விடை ஒன்றே என்பதுதான் இதில் உள்ள வியப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்: பழத்தை ஒரு பாத்திரத்திலும், பருப்பை ஒரு பாத்திரத்திலும், இனிப்பை ஒரு பாத்திரத்திலும் தனித்தனியே வைத்து, உண்ணும் வேளையிலேதான் சேர்த்தல் வேண்டும். இது சுவையைக் காக்கும், வீட்டாரையும் காக்கும். எங்ஙனம் என்பதை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் நீர் நின்ற காரணம். வெட்டிய பழத்தின்மீது சீனியையோ உப்பையோ தூவினால், பழத்தின் கலங்களுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகின்றது. விஞ்ஞான வகுப்பிற் பிரசாரணம் என்று படித்தது இதுவே. காலை எட்டு மணிக்குச் சேர்த்த சீனி, ஒரு மணி வரை ஐந்து மணி நேரம் இந்த வேலையை ஓயாமற் செய்திருக்கின்றது. பழம் வாடிப் போக, அதன் சாறு பாத்திரத்தின் அடியில் நின்றது. அந்தச் சாற்றையும் தயிரின் நீரையும் வறுத்த பருப்பு உறிஞ்சிக்கொண்டது. வறுத்த பருப்பு மொறுமொறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் ஈரம் வெப்பத்தினால் வெளியேறியமையே ஆகும். வெளியேறிய ஈரத்தைத் திரும்பவும் கொடுத்தால் அது மெத்தென்றாவதில் வியப்பில்லை. பழத்தின் இயல்பு நீர். பருப்பின் இயல்பு உலர்வு. இவ்விரண்டும் வாயிலே சந்திக்கும்போது இன்பம். பாத்திரத்திலே நெடுநேரம் கூடியிருந்தாற் பகை.

அடுத்தது வாழைப்பழம் கறுத்தமை. வெட்டிய இடத்திலே காற்றிலுள்ள ஒட்சிசன் படும்போது, பழத்திலுள்ள நொதியம் ஒன்று அதிலுள்ள சில பொருள்களை ஒட்சியேற்றிக் கபில நிறமாக்குகின்றது. தேசிக்காய்ப் புளி அந்த நொதியத்தின் வேகத்தை அடக்கவல்லது. ஆகவே வாழைப்பழத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் வெட்டி, உடனே தேசிப்புளியிற் புரட்டி எடுத்தல் வேண்டும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பழைய இரும்புக் கத்தியாலும் அரிவாளாலும் பழம் வெட்டினால், பழத்திலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்து கருநிறம் தரும். துருப்பிடியாத உருக்குக் கத்தியே இதற்கு ஏற்றது.

மூன்றாவது தயிர் கசந்தமை. இதைப் பலர் பால் கெட்டது என்று எண்ணிப் பாற்காரரைக் குறை கூறுவர். குற்றம் அன்னாசியுடையது. அன்னாசியிற் புரதத்தைச் சிதைக்கும் நொதியம் ஒன்று உண்டு. பப்பாசியிலும் அத்தகைய வேறொன்று உண்டு. முற்றிய இறைச்சியை மெதுவாக்க நம்மவர் பப்பாசிக்காயைச் சேர்ப்பது இதன் பயனை அறிந்தே. தயிரிலுள்ள புரதத்தை இந்நொதியங்கள் சிதைக்கும்போது கசப்புத் தோன்றுகின்றது. பச்சை அன்னாசியைத் தயிரோடு சேர்த்து உடனே உண்டால் தீங்கில்லை. ஐந்து மணி நேரம் சேர்த்து வைத்தாற் கசப்பைத் தவிர்த்தல் இயலாது. அன்னாசித் துண்டுகளைச் சற்றே அவித்து ஆறவிட்டால், வெப்பத்தினால் நொதியம் செயலிழந்துவிடும். எனினும் கோடைக்கான சலாதுக்குப் பச்சைப் பழமே சிறப்பு. ஆதலால் தயிரை விட்டுவிடுதல் நன்று. விரும்புவோர் தமது கிண்ணத்தில் மாத்திரம் இட்டுக்கொள்ளலாம்.

இனிப் பழங்களைத் தெரியும் வகை. வைகாசி, ஆனி மாதங்களிலே நமக்கு மாம்பழமே தலைமை. கறுத்தக் கொழும்பான் கிடைத்தால் வேறொன்றைத் தேடவேண்டியதில்லை. ஆனால் இந்த இனத்தின் தோல் பழுத்த பின்னரும் பச்சை நிறம் மாறாதிருப்பதுண்டு. நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், காம்படியில் மணம் எழுகின்றதா, விரலால் மெல்ல அழுத்தினாற் சற்றே நெகிழ்கின்றதா என்று பார்த்துக்கொள்க. சலாதுக்குக் கனிந்து குழைந்த பழம் உதவாது. இன்றைக்கு ஒரு நாள் பொறுத்து உண்ணலாம் என்று நீங்கள் எண்ணும் பதமே ஏற்றது. வெள்ளைக் கொழும்பானும் அம்பலவியும் விலாட்டும் இதே பதத்திற் பயன்படும். குழைந்த பழத்தை வீணாக்க வேண்டியதில்லை. பிசைந்து கரைத்துப் பிள்ளைகளுக்குப் பானமாகக் கொடுக்கலாம்.

கொய்யாவை ஏழைப் பழம் என்று ஒதுக்குவோர் பலர். 100 கிராம் கொய்யாவிலே 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட விற்றமின் சீ அடங்கியிருக்க, அதே நிறையுள்ள தோடம்பழத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராமே உண்டு. வேலியோரத்துக் கொய்யாவைப் பறவைக்கு விட்டுவிட்டு, கப்பலில் வந்த அப்பிளுக்குக் காசு கொடுக்கும் நம்முடைய அறிவை என்னென்பது! மாம்பழத்திலும் பப்பாசியிலும் உள்ள மஞ்சள் நிறம் கரோட்டின் என்னும் பொருளால் வருவது. அதை நமது உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கின்றது. கரோட்டின் உடலிற் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். பருப்பிலுள்ள எண்ணெய் அந்த உதவியைச் செய்கின்றது. பழத்தோடு பருப்பைச் சேர்ப்பது வாய்க்கு மொறுமொறுப்பைத் தருவதோடு அமையாது. தேகத்துக்கும் பயன் தருவது.

பருப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறுதல் வேண்டும். கஜு என்று கடைகளில் வழங்கும் மரமுந்திரிகைப் பருப்பு இல்லாவிட்டாற் சலாது மதிப்பிழந்துவிடும் என்று எண்ணுவது தவறு. 100 கிராம் கஜுவில் ஏறத்தாழ 18 கிராம் புரதம் உண்டு. அதே அளவு கச்சானில் 25 கிராம் உண்டு. கச்சான் உண்மையிற் கொட்டை வகையைச் சேர்ந்ததன்று. பயறு, உழுந்து முதலியவற்றின் உறவான அவரைக் குடும்பத்தது. நம் நாட்டிலே மேற்றிசைக் காற்றுக்கும் கச்சான் என்று பெயர். கடலைக்கும் கச்சான் என்றே பெயர். காற்று இலவசம், கடலையும் கஜுவோடு ஒப்பிட்டால் மலிவே. நடுத்தரக் குடும்பத்துச் சகோதரிகள் கச்சானையே முதன்மையாகக் கொண்டு, கையில் இருந்தாற் சிறிது கஜுவைச் சேர்த்துக்கொண்டாற் போதும்.

வறுக்கும் முறை இது. அடி கனத்த தாச்சியை மெல்லிய நெருப்பில் வைத்து, எண்ணெய் ஊற்றாமல், தோலுள்ள கச்சான் பருப்பைப் போட்டு இடைவிடாது கிளறுக. பத்து நிமிட அளவில் வாசனை எழும். ஒன்றைப் பிளந்து பார்த்தால் உள்ளே வெண்மை மாறி இளம் பொன்னிறம் தெரியும். உடனே இறக்கிச் சுளகிலே பரப்பி விடுக. தாச்சியிலேயே விட்டால் அதன் சூட்டிற் கருகிவிடும். சூடாக இருக்கும்போது வாயிலிட்டுப் பார்த்து, இன்னும் மெதுவாக இருக்கின்றதே என்று எண்ணி மறுபடி நெருப்பில் ஏற்றுவது புதியவர்கள் செய்யும் பிழை. பருப்பு ஆறும்போதுதான் மொறுமொறுப்புப் பெறும். நன்றாக ஆறிய பின் கையாற் கசக்கிச் சுளகிற் புடைத்துத் தோலைப் போக்குக. சூட்டோடு போத்தலில் அடைத்தால் உள்ளே ஆவி படிந்து, பட்ட பாடு வீணாகும். கடற்காற்று வீசும் ஊர்களிலே இரண்டு நாளிற் பருப்பு நமுத்துப் போவதுண்டு. அப்போது அதை எறிந்துவிடாமல், மெல்லிய சூட்டில் மறுபடி ஐந்து நிமிடம் புரட்டி ஆறவிட்டால் முன்னைய பதம் திரும்பும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கச்சான் வாங்கும்போது சுருங்கியவை, நிறம் மாறியவை, பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் பிடித்தவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுக. 1960 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஏறக்குறைய ஓர் இலட்சம் வான்கோழிகள் இன்ன நோய் என்று அறியப்படாமல் மாண்டன. ஆராய்ந்து பார்த்தபோது, அவற்றுக்கு ஊட்டிய கடலைப் பிண்ணாக்கிலே பங்கசு ஒன்று வளர்ந்து நஞ்சை உண்டாக்கியிருந்தமை தெரியவந்தது. அஃப்ளாடொக்சின் என்று பெயரிடப்பட்ட அந்த நஞ்சு மனிதருக்கு ஈரற் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வீட்டு அடுப்பில் வறுப்பதனால் அது முற்றாக அழிவதில்லை. ஆதலாற் பூஞ்சணம் பிடித்த பருப்பை, வறுத்தாற் சரியாகிவிடும் என்று எண்ணிச் சேர்த்துக்கொள்வது சிக்கனமாகாது. வாயிலிட்டதும் காறலோ கசப்போ தோன்றினால் விழுங்காமல் துப்பிவிடவேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க.

இனிச் செய்முறை. எட்டுப் பேருக்கு அளவு கீழே தரப்படுகின்றது.

பழங்கள்: பதமாகப் பழுத்த மாம்பழம் 2, நடுத்தர அளவுப் பப்பாசியிற் பாதி, சிறிய அன்னாசியிற் பாதி, கொய்யாப்பழம் 2, கதலி வாழைப்பழம் 4, மாதுளம்பழம் 1, தேசிக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை.

மொறுமொறுப்புக்கு: கச்சான் பருப்பு 100 கிராம், வசதியிருந்தாற் கஜு 50 கிராம்.

இனிப்புக்கு: பனங்கட்டி 100 கிராம், நீர் கால் கோப்பை, ஏலக்காய் 2.

விருந்துக்கு முதல் நாளே பருப்பை வறுத்து, ஆறவிட்டு, ஒன்றிரண்டாகத் தட்டிக் காற்றுப் புகாத போத்தலில் அடைத்துவிடுக. பனங்கட்டியை நீரிற் கரைத்து வடிகட்டி, தேன் பதம் வரும்வரை காய்ச்சி, ஏலக்காய்ப் பொடி தூவி ஆறவைக்க. பழங்களை வெட்டுமுன் முழுதாகவே நல்ல நீரிற் கழுவித் துடைத்துவிடுதல் வேண்டும். தோலிலுள்ள அழுக்கு, கத்தியின் வழியே சதைக்குள் சென்றுவிடும் என்பதை மறவாதீர். மீன் வெட்டிய பலகையிற் பழம் வெட்டுதல் கூடவே கூடாது.

உண்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் அன்னாசியையும் பப்பாசியையும் விரல் நுனி அளவு துண்டுகளாக வெட்டி, ஒரு வடிதட்டிலே சற்று நேரம் வடியவிடுக. வடிந்த சாற்றை வீசாமல் தேசிப்புளியோடு கலந்து வைத்துக்கொள்க. அடுத்துக் கொய்யாவை விதை நீக்கி வெட்டுக. மாம்பழத்தின் காம்பைக் கிள்ளிப் பாலை வடியவிட்டுத் தோல் சீவி, கன்னங்களை எடுத்துத் துண்டு போடுக. இவற்றை ஒன்றாக்கி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். அஃது இல்லாத வீட்டிலே ஈரத்துணி சுற்றிய மண்சட்டியில் நிழலில் வைத்தாலும் ஓரளவு குளிர்ச்சி கிடைக்கும். பந்தி முடிந்து இலை எடுக்கும் வேளையில் வாழைப்பழத்தை வட்டமாக அரிந்து, சாறு கலந்த தேசிப்புளியிற் புரட்டிப் பழங்களோடு சேர்க்க. மாதுளை முத்துக்களை உதிர்த்து உப்பைத் தூவி, மரக் கரண்டியால் அடியிலிருந்து மேலாக இரண்டு தடவை மாத்திரம் புரட்டுக. இவ்வளவே வேலை. பழக்கிண்ணம் நடுவிலும், பருப்புக் கிண்ணமும் பாகுக் கிண்ணமும் அதற்கு இருபுறமும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கரண்டி வைத்தல் வேண்டும்.

வெட்டிய பழத்தை அறையின் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. நமது கோடை நண்பகலைப் போல 32 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமானால் ஒரு மணி நேரமே எல்லை. மிஞ்சியதை இரவுக்கு என்று மேசையில் மூடிவைப்பது வயிற்றோட்டத்தை வரவேற்பதாகும். ஆதலால் அளவறிந்து வெட்டுக. போதாவிட்டால் இன்னொரு மாம்பழம் வெட்டுவதற்கு எத்தனை நேரம் செல்லும்?

இனி எமது மாணவியின் வீட்டாரை ஒவ்வொருவராக இந்தக் கிண்ணத்தின் முன் அமர்த்துவோம்.

முதலில் ஐயா. நீரிழிவு உள்ளவர் பழமே தொடக்கூடாது என்பதில்லை. எந்தப் பழம், எவ்வளவு, எதனோடு என்பதே கேள்வி. 100 கிராம் மாம்பழத்தில் ஏறத்தாழ 14 கிராம் சீனிச் சத்து உண்டு. கொய்யாவில் அது 9 கிராம் அளவு. பப்பாசியில் 8 கிராம் அளவு. ஆகவே அவருடைய கிண்ணத்திலே கொய்யாவும் பப்பாசியும் கூடுதலாகவும், மாம்பழம் ஆசைக்கு இரண்டு துண்டாகவும் இருக்கட்டும். பாகு வேண்டாம். பனங்கட்டியும் தேனும் இயற்கையானவை, ஆதலால் நீரிழிவுக்குத் தீங்கில்லை என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உலவுகின்றது, அது தவறு. அவையும் இரத்தத்திற் சீனியை உயர்த்துவனவே. வயிறு நிறையச் சோறுண்ட பின் பழத்தையும் மேலதிகமாகச் சேர்க்காமல், சோற்றிற் சிறிது குறைத்துக்கொள்வதே முறை. அவருக்குரிய அளவை அவரைப் பார்க்கும் வைத்தியரிடம் ஒரு முறை கேட்டு அறிந்துகொண்டால், ஆண்டு முழுவதும் ஐயமின்றிப் பரிமாறலாம். சீனி முன்னமே கலந்துவிட்ட சலாதிலே ஐயாவுக்கு இடமில்லை. பாகு தனியே இருக்கும் சலாதிலே அவருக்கும் ஓர் இடம் உண்டு. விறாந்தைக்கு எழுந்து போனவரைத் திரும்ப அழைத்து வருவது அந்தச் சிறு கிண்ணம்தான்.

அடுத்து அம்மம்மா. அவருக்கு மாம்பழமும் பப்பாசியும் வாழைப்பழமும் சிறு துண்டுகளாக நறுக்கி, கொய்யாவை விலக்கி, பருப்பை அம்மியில் நன்றாகப் பொடித்து மேலே தூவிக் கொடுக்கலாம். அவர் சொன்ன மறுப்புக்கும் ஒரு மறுமொழி வேண்டுமல்லவா? சலாது என்னும் சொல் ஐரோப்பியர் வழி வந்ததே. ஆனால் அம்மம்மா தமது வளவில் நட்டு வளர்த்த பப்பாசியும் கொய்யாவும் அன்னாசியும் கச்சானும் எவ்விடத்தன? இவை யாவும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. கொலம்பசு 1493 ஆம் ஆண்டிலே குவாடலூப்புத் தீவில் அன்னாசியை முதன்முதலாகக் கண்டார். மரமுந்திரிகையைப் பிரேசிலிலிருந்து கீழைத் தேசத்துக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். கஜு என்ற பெயரும் அவர்கள் தந்ததே. அவர்கள் இலங்கைக்கு வந்தது 1505 ஆம் ஆண்டில். யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது 1619 ஆம் ஆண்டில். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், மரங்கள் நம்முடையவை ஆகிவிட்டன. பழங்களைக் கலந்துண்ணும் வழக்கமோ நமக்குப் புதியதன்று. வாழைப்பழத்தோடு சர்க்கரையும் தேனும் நெய்யும் பேரீச்சம்பழமும் கற்கண்டும் கூட்டிச் செய்யும் பஞ்சாமிர்தம் பழக்கலவை அல்லாமல் வேறென்ன? பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019 ஆம் ஆண்டிலே இந்தியாவிற் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. கோவிலிலே இரு கையேந்தி வாங்குவதன் தங்கைதான் இது என்று பேத்தி சொல்லிக் கொடுத்தால் அம்மம்மா மறுக்கமாட்டார் என்று நம்புகின்றோம்.

கடைசியாக அந்த நான்கு வயதுச் சிறுவன். இங்கேதான் நாம் மிகுந்த கவனம் கொள்ளுதல் வேண்டும். கச்சான் உண்டு உதடு வீங்கிய பிள்ளைக்கு அடுத்த முறை அதே அளவோடு நின்றுவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. மூச்சுத் தடைப்பட்டு உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. “கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினாற் சரியாகும்” என்று அயலவர் கூறும் யோசனையை வீட்டிற் செய்து பார்த்தல் ஆகாது. கச்சான் ஒவ்வாதவனுக்குக் கஜு ஒவ்வுமா என்பதையும் வைத்தியரின் பரிசோதனையே கூறவேண்டும். பருப்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்தாற் போதாதா என்று கேட்கலாம். மற்ற வீடுகளிற் போதும். இந்த வீட்டிலே போதாது. ஒரு கரண்டி கிண்ணம் மாறினாலும், பருப்பெடுத்த கை பழத்தில் பட்டாலும், வறுத்த தாச்சியிற் பொடி எஞ்சியிருந்தாலும் தீங்கு நேரலாம். ஆகவே அவன் வீட்டிலிருக்கும் நாட்களில் கச்சானும் கஜுவும் அடுப்படிக்கே வரவேண்டாம்.

அப்படியானால் மொறுமொறுப்பு? அதற்கும் வழியுண்டு. முற்றிய தேங்காயை மெல்லிய சொட்டுக்களாகச் சீவி, நன்கு கழுவிய தாச்சியில் மெல்லிய நெருப்பிலே பொன்னிறமாகும்வரை வறுத்து ஆறவிடுக. கச்சானைப் போலவே இதுவும் ஆறிய பின்னரே மொறுமொறுக்கும். தேங்காய் அவனுக்கு வழக்கமான கறிகளிலும் சம்பலிலும் ஒத்துக்கொண்டதா என்பதை அக்காவிடம் முன்னரே கேட்டறிக. எனினும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுப் பருப்பையோ கடினமான தேங்காய்ச் சொட்டையோ கொடுத்தல் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவனுக்கு மென்மையான பழமும் சிறிது பாகும் போதும். எந்தப் பிள்ளைக்காயினும் உண்டபின் முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, கை மருந்தை நாடி நேரத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

மகளே, நீ கேட்ட சலாது இதுதான். சென்ற ஆண்டு நீ செய்ததிலே அன்புக்குக் குறைவில்லை, பொறுமைக்கே குறைவு. எல்லாவற்றையும் காலையிலேயே ஒன்றாகக் கலந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணினாய். கலப்பதற்கு முன் ஒவ்வொன்றின் இயல்பையும் அறிந்து, அதனதன் இடத்தில் வைத்து, உரிய வேளையிற் கூட்டுவதே சமையல். இந்த வைகாசியிலே கச்சானும் கஜுவும் போத்தலுக்குள்ளேயே இருக்கட்டும்; சிறுவன் கொழும்புக்குத் திரும்பிய பின் அவற்றை வறுத்து, அடுத்த மாம்பழத்தோடு நீங்கள் உண்ணலாம். சலாதிலே கச்சான் குறைந்தாற் குறையில்லை. பந்தியிலே ஒருவர் குறைந்தாலே குறை.

விசாகம் கழிந்ததும், ஐயா எத்தனை துண்டு மாம்பழம் உண்டார் என்று ஒரு வரி எழுதுவாயாக. அதை இப்பகுதியின் மற்றச் சகோதரிகளும் அறிய விரும்புவர்.